மூன்று சாதா போல்ட்டுகள்

உட்காரச் சொன்னதற்கு நன்றி, ஐயா. முழங்கால் கொஞ்சம் மக்கர் பண்ணுகிறது. வாழ்நாள் முழுக்க வண்டிக்கு அடியில் படுத்துப் படுத்து எழுந்தவனுக்கு அது வராமல் என்ன செய்யும்.

காகித உறையிலிருந்து நீங்கள் எடுத்து வைத்திருக்கும் மூன்று போல்ட்டும் நான் போட்டவைதான். கேட்டவுடனே ஒத்துக்கொண்டேன். அதன்பிறகு நீங்கள் ஒரு வார்த்தை சொன்னீர்கள். "வயசாயிடுச்சு, கண்ணும் மங்கலா இருக்கும், தெரியாம மாத்திப் போட்டிருப்பீங்க. அப்படின்னே எழுதிக்கிறேன்." என்மேல் இரக்கப்பட்டுச் சொன்னது. சரி என்று தலையாட்டியிருந்தால் இந்நேரம் வீட்டில் இருப்பேன். ஆனால் முப்பத்தொரு வருடம் பட்டறை வைத்து நடத்தியவன் நான். எந்த இடத்துக்கு எந்த போல்ட் என்று தெரியாதவன் என ஒரு தாளில் எழுதி, அதற்குக் கீழே என்னால் கையெழுத்துப் போட முடியாது. தெரிந்துதான் போட்டேன்.

எனக்கு ஒரே மகள். அவளுக்குப் பதினொரு வயதாகும்போது அவள் அம்மா போய்ச் சேர்ந்தாள். அன்றிலிருந்து பள்ளிக்கூடம் விட்டதும் நேராகப் பட்டறைக்குத்தான் வருவாள். எண்ணெய் டின்னைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். வண்டிக்கு அடியிலிருந்து நான் ஸ்பேனர் எண் சொன்னால், நோட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமலே சரியானதை எடுத்து நீட்டுவாள். பிறகு படித்து ஆஸ்பத்திரியில் இரத்தம் பரிசோதிக்கிற வேலைக்குப் போனாள். கல்யாணம் ஆனபிறகும் என்னை விட்டுப் போகவில்லை. மாடியறையில் அவளும் மாப்பிள்ளையும் குடியிருந்தார்கள்.

மாப்பிள்ளை பள்ளிக்கூடத்தில் ஓவிய வாத்தியார். பரம சாது. மனைவியைக்கூட 'வாங்க, போங்க' என்றுதான் கூப்பிடுவார். ஸ்டியரிங்கைப் பிடித்தால் இன்னும் சாதுவாகிவிடுவார். அவர் ஓட்டினால் சைக்கிள்காரன் மணியடித்து முந்திக்கொண்டு போவான். அவர் காதுபடவே 'ஆமை' என்று சொல்லியிருக்கிறேன். அதற்கும் சிரிப்பார். அப்படிப்பட்டவர் வண்டியை வேகமாக ஓட்டி மோதினார் என்று யாராவது சொல்லியிருந்தால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். தூங்கிவிட்டார் என்று சொன்னதால்தான் நம்பினார்கள்.

அவர்களுக்கு ஒரு பெண்குழந்தை. பெற்றவர்கள் வைத்த பெயர் பள்ளிக்கூடத்துக்கு. எனக்கு அவள் வாண்டு. வண்டிக்கு வெளியே என் கால் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தால் ஓசைப்படாமல் வந்து உள்ளங்காலில் கிச்சுக்கிச்சு மூட்டுவாள். நான் துள்ளி எழுந்து நெற்றியை இடித்துக்கொண்டது எத்தனை தடவை என்று கணக்கில்லை.

அவளுக்கு நான்கு வயது முடிந்தபோது என் மகளுக்கு வேறு ஊரில், பெரிய ஆய்வுக்கூடத்தில் வேலை கிடைத்தது. காரில் மூன்று மணி நேரம், மாப்பிள்ளை ஓட்டினால் நான்கு. அவரும் அங்கே ஒரு பள்ளியில் இடம் பார்த்துவிட்டார். என்னிடம் சொன்னபோது நான் சந்தோஷம் என்றுதான் சொன்னேன். "நீங்களும் வந்துடுங்கப்பா" என்றாள் மகள். கேட்டாள், கேட்கவில்லை என்று சொல்லக்கூடாது. பட்டறையை விட்டுவிட்டு அங்கே வந்து நான் என்ன செய்வது என்றேன். இன்னொரு தடவை கேட்பாள் என்று நினைத்தேன். கேட்கவில்லை.

கிளம்புவதற்கு முன்னால் காரை ஒரு பார்வை பார்த்துத் தரச் சொன்னார்கள். சைலன்சர் பக்கம் டபடபவென்று சத்தம். பழைய வண்டி. முன்னால் வைத்திருந்தவர் கடலோரத்துக்காரர், உப்புக்காற்று அடிப்பாகத்தை அரித்திருந்தது. எஞ்சினிலிருந்து வருகிற சூட்டுப் புகையைத் திரட்டித் தருகிற வார்ப்பு இரும்பையும் கீழே போகிற குழாயையும் மூன்று ஸ்டட்டுகள் சேர்த்துப் பிடிக்கின்றன. தலையில்லாத, இரண்டு முனையிலும் மரை உள்ள கம்பி அது. உங்களுக்குத் தெரியாததல்ல. பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிற போலீஸ்காரருக்காகச் சொல்கிறேன். மூன்றும் துருவேறி, வார்ப்போடு வார்ப்பாக இறுகிப்போயிருந்தன. நட்டுகள் நட்டுகளாகவே இல்லை, உருண்டையாகக் கரைந்திருந்தன.

இந்த வேலையில் நான் கெட்டிக்காரன். பெருமைக்குச் சொல்லவில்லை, மற்ற பட்டறைக்காரர்கள் தாங்கள் உடைத்த ஸ்டட்டை என்னிடம்தான் கொண்டுவருவார்கள். துரு தின்னும் எண்ணெயை ஊற்றி ஊறப்போட வேண்டும். தீயை ஸ்டட்டில் காட்டக்கூடாது, அதைச் சுற்றியுள்ள வார்ப்பில் காட்ட வேண்டும். கிறுக்குப் பிடித்தவன்போலக் கழற்றும் பக்கமே முறுக்காமல், முதலில் இறுக்கும் பக்கம் ஒரு மயிரிழை, பிறகு கழற்றும் பக்கம் ஒரு மயிரிழை. துரு பொடிந்து கீச்சென்று ஒரு ஓசை வரும். அது வந்தால் கும்பிடு போட்டுவிட்டு, மறுபடி எண்ணெய்.

முதல் ஸ்டட் அன்று மதியமே வந்துவிட்டது. இரண்டாவது, வார்ப்பை ஒட்டி முறிந்தது. மொட்டையாக நின்ற துண்டின்மேல் ஒரு நட்டை வைத்து வெல்டிங் பற்றவைத்து, அந்தச் சூட்டோடு சூடாகத் திருப்பினேன். வெண்ணெயில் கத்தி போனதுபோல வந்தது. மூன்றாவதும் மாலைக்குள் வந்திருக்கும். நான்தான் அதைத் தொடவில்லை. மறுநாளும் தொடவில்லை. எண்ணெய் ஊறட்டும் என்றேன்.

"என்னப்பா, இன்னும் ஒண்ணுதானே? நாளைக்குச் சாமான் ஏத்த லாரி வந்துடும்" என்று வாசலில் நின்று கேட்டாள் மகள்.

"அவசரப்பட்டா உடைஞ்சிடும் கண்ணு."

லாரியை இரண்டு நாள் தள்ளிப்போட்டாள். அந்த இரண்டு நாளும் வாண்டு பட்டறையிலேயே கிடந்தாள். அதில் யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை. அதைக் குற்றத்தில் சேர்க்க வேண்டாம்.

மூன்றாம் நாள் கடைசி ஸ்டட்டையும் எடுத்து, துளைகளில் மரையைச் சுத்தம் செய்தேன். இனிப் புதிது போடவேண்டும். என் மேசை இழுப்பறையில் இதற்கென்றே உள்ள ஸ்டட்டுகள் இருந்தன, சூடு தாங்கும் எஃகு. கூடவே செம்பு பூசிய நட்டுகள். அதைப் போட்டால் நான் இருக்கும்வரை அந்த இடத்தைத் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. நட்டும் இறுகாது, அடுத்தவன் கழற்றும்போது நம்மை வாழ்த்துவான். கையில் எடுத்தேன். எடுத்ததும்தான் அது தோன்றியது, இதைப் போட்டால் இவர்கள் திரும்பி வரவேண்டியதே இல்லை என்று.

உள்ளே வைத்துவிட்டு, தெருமுனைக் கடைக்குப் போய் மூன்று சாதா போல்ட் வாங்கிவந்தேன். கட்டில் காலுக்கும் கதவுக் கீலுக்கும் போடுகிற ஜாதி. எஞ்சின் ஓடும்போது அந்த இடம் அடுப்புத் தணல்போலச் சிவக்கும். சாதா இரும்பு அந்தச் சூட்டில் இளகி நீளும், ஆறும்போது பழைய நீளத்துக்கு வராது. பிடி தளரும், நடுவில் உள்ள பேக்கிங் ஊதிக்கொண்டு போகும், சத்தம் வரும். சத்தம் வந்தால் என்னிடம் வருவார்கள். நான்கு மாதம் தாங்கும் என்று மனக்கணக்குப் போட்டேன். நாற்பதே நாளில் தளர்ந்தது. என் கணிப்பு தவறியது அதில் மட்டும்தான்.

முதல் தடவை வந்தபோது இரண்டு நாள் தங்கினார்கள். வீட்டில் பாத்திரச் சத்தம் கேட்டது. குளித்துவிட்டு வந்த பேத்தி ஈரத்தலையோடு என் மடியில் உட்கார்ந்து, புதுப் பள்ளிக்கூடத்தில் யார் யாரைக் கடித்தார்கள் என்று பட்டியல் சொன்னாள். அந்தச் சிரிப்பை நான் எதனோடு ஒப்பிடுவேன். மறுபடி அதே ஜாதியில் புதிதாக மூன்று போல்ட் போட்டு அனுப்பினேன். ஒன்றரை மாதம் கழித்து மறுபடி வந்தார்கள், மறுபடி இரண்டு நாள். அப்போது நானே மாப்பிள்ளையைக் கேட்டேன், அங்கேயே யாரிடமாவது காட்டக்கூடாதா, இவ்வளவு தூரம் அலைகிறீர்களே என்று. ஆழம் பார்க்கத்தான் கேட்டேன்.

"மாமா கை வச்ச வண்டிய இன்னொருத்தர்கிட்ட கொண்டுபோய்க் காட்டுறது மரியாதை இல்லீங்க" என்றார்.

அவர் மனசு அப்படி.

மூன்றாவது தடவை பானெட்டைத் தூக்கியபோது, எஞ்சினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவே இருக்கிற தகரச் சுவரில் கரி படிந்திருந்ததைப் பார்த்தேன். அதில் ஒயர் போகிற ஓட்டை ஒன்று உண்டு. அதை அடைத்திருந்த ரப்பர் சூட்டில் பொரிந்து உதிர்ந்திருந்தது. ஓட்டையின் விளிம்பெல்லாம் கருப்பு. கசிகிற புகை எந்த வழியாக எங்கே போகிறது என்று கரியே கோடு போட்டுக் காட்டியது. புகையில் ஆளைக் கொல்லுகிற பாகத்துக்கு வாசனை கிடையாது, ஐயா. தலைவலிக்கும், குமட்டும், தூக்கம் வரும்.

அன்று எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிடலாம் என்றுதான் இழுப்பறையைத் திறந்தேன். இதை நீங்கள் நம்பவேண்டும். நல்ல ஸ்டட்டுகள் மூன்றும் கையில் இருந்தன. அப்போது மகள் தேநீர் கொண்டுவந்து வைத்தாள்.

"ஒரு தடவையாவது சரியா செஞ்சு குடுங்கப்பா. எனக்கு லீவே கிடைக்கிறதில்ல. இதுக்குன்னே மாசாமாசம் ஓடிவர வேண்டியிருக்கு."

களைப்பில் சொன்னாள். கோபமாகக்கூட இல்லை. ஆனால் 'இதுக்குன்னே' என்று சொன்னாள். தேநீரைக் குடித்து முடித்தேன். ஸ்டட்டுகளைத் திரும்ப உள்ளே வைத்தேன். கடையில் வாங்கி வைத்திருந்த சாதா போல்ட்டுகளை எடுத்து மாட்டினேன். கரியை ஒரு பழந்துணியால் துடைத்துவிட்டேன். அந்த மூன்று போல்ட்டுகள்தான் உங்கள் மேசையில் இருப்பவை.

மூன்று வாரம் கழித்துத் தொலைபேசியில் கூப்பிட்டாள். வாண்டு காரில் ஏறினால் தூங்கிவிடுகிறாள், எழுந்தால் தலைவலி என்று அழுகிறாள், இரண்டு தடவை வாந்தி எடுத்தாள் என்றாள். தானே குழந்தைக்கு இரத்தம் எடுத்துப் பார்த்தாளாம். "எல்லாம் சரியாத்தான் இருக்கு. எனக்கு ஒண்ணும் புரியலப்பா." வெளிக்காற்றில் சில மணி நேரம் இருந்தால் அந்த நஞ்சு இரத்தத்திலிருந்து போய்விடும். அவள் தேடியதும் வேறு எதையோ. சின்னக் குழந்தைகளுக்கு வண்டி ஒத்துக்கொள்ளாமல் போவது உண்டு என்றேன். மாதக் கடைசியில் வாருங்கள், பார்க்கிறேன் என்றேன். கண்ணாடியை இறக்கி வைத்துக்கொண்டு ஓட்டச் சொல்லு என்றும் சொன்னேன். அதை மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள். கண்ணாடியை இறக்கச் சொன்னேன்.

மாதக் கடைசிக்குப் பத்து நாள் இருந்தது. மழை பிடித்துக்கொண்டது. ஒரு சனிக்கிழமை, மகளுக்கு வேலை. மாப்பிள்ளையும் வாண்டும் மட்டும் கிளம்பினார்கள். பட்டப்பகல், நேரான சாலை, அறுபது கிலோமீட்டர் வேகம்கூட இல்லை. பின்னால் வந்த பேருந்து ஓட்டுநர் சொன்னதை நீங்கள் படித்திருப்பீர்கள். கார் மெதுவாக, யாரோ கைப்பிடித்து அழைத்துக்கொண்டு போனதுபோல, சாலையை விட்டிறங்கிப் பாலத்தின் பக்கச்சுவரில் இடித்தது என்றார். மாப்பிள்ளைக்கு இடுப்பெலும்பு முறிந்தது. பின்சீட்டில் படுத்திருந்த குழந்தை கீழே விழுந்திருந்தாள்.

தலையில் அடி என்று எழுதினார்கள். விபத்தில் வந்த உடலில் வேறு எதையும் தேட யாருக்கும் தோன்றவில்லை. நான் போய்ப் பார்த்தேன். நெற்றியில் ஒரு சின்னக் காயம், அவ்வளவுதான். கன்னம் இரண்டும் நல்ல சிவப்பாக இருந்தன. தூங்குகிற மாதிரியே இருக்கிறாள் என்று நர்ஸம்மா அழுதாள். பக்கத்தில் நின்ற யாருக்கும் அந்தச் சிவப்பு என்னவென்று தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது, அந்தப் புகை ஏறிய இரத்தத்தின் நிறம் அது. சட்டைப் பொத்தான் ஒன்று கழன்றிருந்தது, அதைப் போட்டுவிட்டேன்.

அன்று ஏன் கிளம்பினார்கள் என்று பிறகு மகள்தான் சொன்னாள். வண்டி ரிப்பேருக்காக வருகிறார்கள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். "வண்டி நல்லாத்தான்பா ஓடிட்டு இருந்துச்சு. சத்தம்கூட பெருசா இல்ல. தாத்தாவப் பாக்கணும்னு நாலு நாளா ஒரே பிடிவாதம். நான்தான் அனுப்பி வச்சேன்."

வண்டியில் குறையே இல்லாவிட்டாலும் வந்திருப்பார்கள். இதைத் தெரிந்துகொண்ட நாளில் நான் சாப்பிடவில்லை. அதற்கு முன்னும் பின்னும் ஒழுங்காகச் சாப்பிட்டிருக்கிறேன்.

மகள் என் வீட்டுக்கு வந்துவிட்டாள். மாப்பிள்ளையின் முகத்தில் விழிக்கமாட்டேன் என்றாள். தூங்கிப்போய் இடித்துவிட்டார் என்று அவர்மேல் வழக்குப் போட்டிருந்தார்கள். இரண்டு மாதம் கழித்து, ஜாமீனில் இருந்தபோது, அவர் ஊன்றுகோலோடு பட்டறைக்கு வந்தார். மகள் மாடியில் கதவைச் சாத்திக்கொண்டாள். அவர் கதவைத் தட்டவில்லை. என் எதிரில் எண்ணெய் டின்மேல் உட்கார்ந்தார்.

"நீங்க சொன்னபடி கண்ணாடிய இறக்கித்தான் வச்சிருந்தேன் மாமா. சாரல் உள்ள அடிச்சுது. பாப்பாவுக்குச் சளி வேற. அதான் ஏத்திட்டேன்."

"சரி மாப்பிள்ள."

"நான் தூங்கினேனா மாமா? எனக்குத் தூங்கின ஞாபகமே இல்ல. தலை கனமா இருந்துது. பாப்பா பாடிக்கிட்டே வந்தா, அப்புறம் பாடல. அவ்வளவுதான் தெரியும். நீங்க எவ்வளவோ வண்டி பாத்திருக்கீங்க. வண்டியில ஏதாவது இருந்திருக்குமா?"

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு குழந்தை பெரியவர்களைப் பார்க்கிற மாதிரி. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த மனிதர் எழுந்து நின்றிருப்பார். மாடியிலிருக்கிறவள் கதவைத் திறந்துகொண்டு இறங்கி வந்திருப்பாள். வந்து அவர் கையைப் பிடித்திருப்பாள். பிறகு இருவரும் சேர்ந்து என்னைப் பார்த்திருப்பார்கள்.

"வண்டியில ஒரு குறையும் இல்ல மாப்பிள்ள. நானே பாத்து அனுப்புனது. தூங்கிட்டீங்க. மனுஷனுக்கு வர்றதுதான்."

அவர் தலையை ஆட்டினார். பள்ளிக்கூடப் பிள்ளை தப்பை ஒத்துக்கொள்வதுபோல ஆட்டினார். "நான்தான் கொன்னுட்டேன் மாமா" என்றார். நான் அவர் முதுகைத் தடவிக்கொடுத்தேன். பேருந்து நிறுத்தம்வரை கூடவே போய் ஏற்றிவிட்டு வந்தேன்.

நீதிமன்றத்தில் அவர் வக்கீலையே பேசவிடவில்லை. தூங்கிவிட்டேன் என்று அவரே சொன்னார். அதற்கு முன்னால் என்னைச் சாட்சிக்கு அழைத்திருந்தார்கள். விபத்துக்கு முந்தின மாதம்தான் வண்டியைப் பார்த்தேன், எல்லாம் சரியாக இருந்தது என்று சொல்லியிருந்தேன். இரண்டு வருடம் போட்டார்கள். உள்ளே போய் ஆறு மாதம் ஆகிறது. அவருடைய அக்கா மனுமேல் மனுவாகப் போட்டு அலைந்திராவிட்டால், இந்த வண்டி போலீஸ் நிலையத்துக்குப் பின்னால் மழையில் நனைந்து மண்ணோடு மண்ணாகப் போயிருக்கும். எத்தனையோ பேர் அதைச் சுற்றிவந்து பார்த்திருக்கிறார்கள். அடியில் படுத்துப் பார்த்தவர் நீங்கள் ஒருவர்தான். சூட்டில் இழுபட்டு நீண்ட மரையைக் கண்டுபிடித்தீர்கள் பாருங்கள், அது தொழில் தெரிந்தவர் செய்கிற காரியம்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். கண் மங்கவில்லை. கை தவறவில்லை. கசியும் என்று தெரிந்து போட்டேன், உள்ளே போகிறது என்று தெரிந்து துடைத்தேன், குழந்தைக்கு எதனால் தலைவலி என்று தெரிந்து சும்மா இருந்தேன். என் பேத்தியைக் கொன்றது நான். யாருக்கும் கெடுதல் நினைத்துச் செய்யவில்லை. என் மகளைப் பார்க்கவேண்டும் என்று நினைத்தேன், அவ்வளவுதான். பெற்றவன் அதை நினைப்பது தப்பா என்று உங்களிடம் கேட்கப்போவதில்லை.

ஒரே ஒரு வேண்டுகோள். மாப்பிள்ளையைக் கட்டாயம் வெளியே விட்டுவிடுங்கள், அவர்மேல் ஒரு பாவமும் இல்லை. நான் உள்ளே போகவும் தயங்கவில்லை. ஆனால் இந்தத் தாளை மேலே அனுப்புவதை ஒரு மாதம், ஒரே ஒரு மாதம் தள்ளிப்போட முடியுமா என்று பாருங்கள். ஆறு மாதம் இருந்தவருக்கு இன்னொரு மாதம் பெரிதாகத் தெரியாது. என் மகள் ஒரு வருடமாக மாடியை விட்டே இறங்காமல் இருந்தாள், ஐயா. போன வாரத்திலிருந்துதான் கீழே வந்து என்னோடு உட்கார்ந்து சாப்பிடுகிறாள். விஷயம் தெரிந்தால் அவரிடமே போய்விடுவாள்.